ஃபேக்ஸ் இரண்டாவது பக்கத்தில் அறுந்துபோகிறதா? மோடத்தை மாற்றுவதற்கு முன் லாகைப் படியுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மொரிஷியஸின் போர்ட் லூயியில் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். டெபியன் லினக்ஸ் போட்ட சின்ன கம்ப்யூட்டர், அதில் ஹைலாஃபேக்ஸ் என்ற ஃபேக்ஸ் மென்பொருள், யூஎஸ்பி ஃபேக்ஸ் மோடம். ரீயூனியனுக்கும் டர்பனுக்கும் கப்பல் பேப்பர்கள் அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் என்றால் பெரும்பாலும் போய்விடுகிறது. நாலைந்து பக்கம் என்றால் நடுவில் நின்று, "எம்பிஎஸ் அல்லது இஓபிக்கு மூன்று முறை முயன்றும் பதில் இல்லை" என்கிற பிழையோடு ஜாப் விழுகிறது (எம்பிஎஸ், இஓபி இரண்டும் பக்கம் முடிந்ததும் அனுப்பும் குறிகள்). செப்புக் கம்பி இருந்த காலத்தில் இதே மோடம் ஒழுங்காக ஓடியதாம், ஃபைபர் பெட்டி வந்த பிறகுதான் தொல்லை. மோடத்தை மாற்றலாமா, இசிஎம் என்ற பிழைதிருத்த முறையை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோடத்துக்குக் காசு போடாதீர்கள், இப்போதைக்கு. இசிஎம்மை அணைப்பது பற்றிக் கேட்டீர்கள், அது ஏற்கெனவே அணைந்துதான் கிடக்கிறது! நீங்கள் கொடுத்த பிழைச் செய்தியே அதைச் சொல்லிவிட்டது. இசிஎம் ஓடிக்கொண்டிருந்தால் ஹைலாஃபேக்ஸ் "பிபிஎஸ்ஸுக்குப் பதில் இல்லை" என்று எழுதும். பக்கம் முடிந்ததும் வெறும் எம்பிஎஸ் போகிறது என்றால், பிழைதிருத்தம் இல்லாத பழைய முறையில் அழைப்பு ஓடுகிறது என்று அர்த்தம். ஆக, ஏன் அது இல்லாமல் ஓடுகிறது, இல்லாததால் என்ன கெடுகிறது என்று பார்ப்போம்.

ஃபேக்ஸ் பிழை என்றதும் ஆளுக்கொரு செட்டிங்கை மாற்றிப் பார்க்கிறார்கள். வேகத்தைக் குறை, அதை அணை, இதைப் போடு. தற்செயலாக ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் திரும்ப விழும். அழைப்பு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். ஹைலாஃபேக்ஸ் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி லாக் எழுதுகிறது. வார் டைரக்டரிக்குள் ஸ்பூல், அதற்குள் ஹைலாஃபேக்ஸ், அதற்குள் லாக் என்று போனால், 'சி' எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கம் கொண்ட ஃபைல்கள் வரிசையாகக் கிடக்கும். மோடத்தின் கான்ஃபிக் ஃபைலில் செஷன்ட்ரேசிங் என்ற வரிக்கு 4095 என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஒரு டெஸ்ட் ஃபேக்ஸ் அனுப்புங்கள், மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்த பேச்சு முழுவதும் நேரத்தோடு பதிவாகிவிடும். பார்த்தால் மிரட்டும். உண்மையில் அதில் நாலே விஷயம்தான்.

முதலாவது, அழைப்பு எடுக்கப்பட்டதும் எதிர்முனை 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட விசில் கொடுக்கும், பிறகு "என்னால் இன்னது முடியும்" என்று டிஐஎஸ் அனுப்பும். இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் வினாடிக்கு 300 பிட் என்ற மகா மந்தமான வேகத்தில் நடக்கிறது, அதனால் லைன் மோசமாக இருந்தாலும் இது தப்பித்துவிடும். டிஐஎஸ்ஸே வரவில்லை, 35 வினாடி காத்திருந்து டி1 டைம்அவுட் என்று விழுந்தது என்றால் எதிரே ஆள் எடுத்திருக்கிறார், அல்லது வாய்ஸ்மெயில் எடுத்திருக்கிறது, அல்லது நம்பரே தப்பு. லினக்ஸைக் குடைந்து பயனில்லை.

இரண்டாவது, டிஐஎஸ் வந்தது, நம் மோடம் டிசிஎஸ் அனுப்பி "இன்ன வேகத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை வினாடிக்கு வெறும் பூஜ்யங்களை வேகமாக அனுப்பிக் காட்டும். அதுதான் டிரெய்னிங் சோதனை. எதிர்முனை திருப்தியானால் சிஎஃப்ஆர், இல்லையென்றால் எஃப்டிடி. எஃப்டிடி வந்தால் நம் பக்கம் ஒரு படி வேகம் இறங்கித் திரும்ப முயலும். 14400, 12000, 9600 என்று இறங்கி இறங்கி 2400 வரைக்கும் போய், "2400ல்கூட டிரெய்ன் ஆகவில்லை" என்று விழுந்தால் அது லைனின் தரம், அல்லது ஃபேக்ஸ் டோனை இடையில் ஏதோ ஒரு சாதனம் சிதைக்கிறது. உங்களுக்கு இது எப்போதாவது வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். லாகில் 'யூஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரிகளைப் பாருங்கள்: எந்த வேகம், எந்தச் சுருக்க முறை, இசிஎம் உண்டா என்று அங்கே தெளிவாக இருக்கும். அதற்குச் சற்று மேலே 'ரிமோட்' என்று தொடங்கும் வரிகள் எதிர்முனையின் திறமைப் பட்டியல். அதில் இசிஎம் இருந்து நம் பக்கம் பயன்படுத்தவில்லை என்றால் தவறு நம் கான்ஃபிக்கில். யாரோ கிளாஸ்1இசிஎம்சப்போர்ட் வரியில் 'நோ' போட்டுவைத்திருப்பார்கள், பழைய காலத்து அறிவுரையைப் படித்துவிட்டு.

மூன்றாவது, படம் போகும் கட்டம். இதில் நடப்பது நமக்கு உடனே தெரியாது, ஒருவழிப் பாதை. நான்காவது, பக்கம் முடிந்தபின் மறுபடி 300 பிட் வேகத்துக்கு இறங்கி எம்பிஎஸ் ("இன்னும் பக்கம் உண்டு") அல்லது இஓபி ("முடிந்தது") அனுப்பிவிட்டு மூன்று வினாடி போலக் காத்திருப்பது. எம்சிஎஃப் வந்தால் நல்லது. ஆர்டிஎன் வந்தால் "பக்கம் மோசம், திரும்ப அனுப்பு". ஒன்றுமே வராமல் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விழுவதுதான் உங்கள் பிழை.

மந்தமான 300 பிட் பேச்சு முதலில் நன்றாக நடந்தது, அதே பேச்சு பக்கத்தின் முடிவில் மட்டும் ஏன் கேட்கவில்லை? பெரும்பாலும் எதிர்முனை நடுப்பக்கத்திலேயே தொலைந்துபோயிருக்கும். வேகமான சிக்னலில் ஒரு கணம் துண்டு விழுந்தால் சில மெஷின்கள் ஒத்திசைவை இழந்துவிடும், சில மெஷின்கள் அப்போதே லைனை வைத்துவிடும். நம் மோடத்துக்கு அது தெரியாது, கடமையே கண்ணாக மிச்சப் பக்கத்தையும் யாருமில்லாத லைனில் ஊதிக்கொண்டிருக்கும், முடித்துவிட்டு எம்பிஎஸ் கேட்டால் யார் பதில் சொல்வது? லாகில் எம்பிஎஸ்ஸுக்கு அப்புறம் ஒரு பிஸி டோனோ டிசிஎன்னோ ("வைக்கிறேன்" என்ற குறி) வந்திருக்கிறதா என்று பாருங்கள், வந்திருந்தால் இந்தக் கதைதான்.

சரி, அந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது? இரண்டே இடம்: ஒன்று நம் கம்ப்யூட்டர் மோடத்துக்கு டேட்டாவை நேரத்துக்குக் கொடுக்கவில்லை, இல்லையென்றால் லைன்.

கம்ப்யூட்டர் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், இது சீக்கிரம் ஆகிவிடும். கிளாஸ் 1 என்ற மோடம் முறையில் டி.30 எனும் ஃபேக்ஸ் பேச்சு நெறிமுறையின் நேரக் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரின் தலையில். மோடம் வெறும் ஊதுகுழல். அதனால் மோடத்தை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் யூஎஸ்பி பாஸ்த்ரூவில் கொடுத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். மலிவான யூஎஸ்பி ஹப்பும் வேண்டாம், நேராகச் சொருகுங்கள். யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் அந்தச் சாதனத்துக்கு அணைந்திருக்கட்டும். உங்களுடையது சீரியல் மோடமாக இருந்து எஃப்டிடிஐ கன்வெர்ட்டர் வழியாக வந்தால் அதன் லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லிவினாடி, அதை 1 ஆக்குங்கள். ஃப்ளோ கண்ட்ரோல் ஆர்டிஎஸ் சிடிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் இருக்கிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: ப்ராக் டைரக்டரியில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்று போய் அந்த ஃபைலை ரூட்டாகப் படித்தால் பிழை வந்த போர்ட்டுக்கு மட்டும் 'ஓஇ', 'எஃப்இ' எண்ணிக்கை தெரியும், ஓவர்ரன் பிழையும் ஃப்ரேமிங் பிழையும் அவை. ஃபேக்ஸ் அனுப்புவதற்கு முன்னும் பின்னும் பார்த்து, ஏறவில்லை என்றால் போர்ட்டைக் குறை சொல்லாதீர்கள்.

மோடம்மேனேஜர் என்ற சர்வீஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மொபைல் டாங்கிள்களுக்காக வந்தது, எந்த மோடம் சொருகினாலும் ஏடி கட்டளைகள் அனுப்பி விசாரிக்கும், ஹைலாஃபேக்ஸ் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறதே என்று பார்க்காது. ஃபேக்ஸ் பெட்டியில் அதற்கு வேலையில்லை, நிறுத்திவிடுங்கள். ஆனால் அது கொடுக்கும் தொல்லை "மோடம் பதில் சொல்லவில்லை" என்ற வகை, நடுப்பக்கத்தில் விழுவதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அதேபோல உபுண்டு 22.04ல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெயில் சர்வீஸ் சிஎச்340 சிப் உள்ள கன்வெர்ட்டர்களைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும், போர்ட்டே காணாமல் போய்விடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

இனி லைன். மொரிஷியஸில் இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர். தொலைபேசி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெட்டியின் பின்னால் இருக்கும் ஒரு துளை. பெட்டிக்குள்ளே குரல் வினாடிக்கு 8000 சாம்பிள்களாக வெட்டப்பட்டு, பெரும்பாலும் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட்டாக, அதாவது 160 சாம்பிளாகக் கட்டப்பட்டுப் போகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் மனிதக் காதுக்குத் தெரியாது, பெட்டி முந்தைய சத்தத்தையே கொஞ்சம் நீட்டி ஒப்பேற்றிவிடும். 14400ல் ஓடும் வி.17 என்ற ஃபேக்ஸ் சிக்னல் முறைக்கு அது மரண அடி.

பாக்கெட் தொலையாவிட்டாலும் இன்னொன்று உண்டு, உங்கள் அறிகுறிக்கு அதுதான் அச்சாகப் பொருந்துகிறது. உங்கள் பெட்டியின் கடிகாரமும் எதிர்முனைப் பெட்டியின் கடிகாரமும் தனித்தனிக் குவார்ட்ஸ். பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அப்படியொன்றும் மோசமான கடிகாரம் இல்லை. வினாடிக்கு 8000ல் அது 0.4 சாம்பிள். 160 சாம்பிள் சேர 400 வினாடி. அந்த நேரத்தில் ஒரு முனையின் பஃபர் ஒரு முழு பாக்கெட்டை விழுங்கியோ, இல்லாத ஒன்றை இட்டுக்கட்டியோ ஆக வேண்டும். அந்த இடத்தில் படம் அறுகிறது. ஒரு நிமிஷ ஃபேக்ஸ் இதை எட்டிப் பார்க்காமலே முடிந்துவிடும். ஏழெட்டு நிமிஷம் ஓடுகிற ஃபேக்ஸ் கண்டிப்பாக மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் போகிறது, நாலு பக்கம் போகவில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

இங்கேதான் நீங்கள் அனுப்புகிற பேப்பரைப் பற்றியும் பேச வேண்டும். பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், மேலே ஊதா நிற முத்திரை, அதை யாரோ கலரிலோ கிரேயிலோ ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கித் தருகிறார்கள். ஃபேக்ஸ் என்பது கறுப்பு வெள்ளை மட்டும், அதனால் சாம்பல் நிறப் பகுதிகள் எல்லாம் புள்ளிபுள்ளியாகச் சிதறடிக்கப்படுகின்றன. எம்எச் சுருக்க முறை நீண்ட வெள்ளை, நீண்ட கறுப்பு என்று ஓட்டங்களை எண்ணித்தான் சுருக்குகிறது. புள்ளிகள் வந்தால் சுருங்காது, சில சமயம் மூலத்தைவிடப் பெருத்தே போகும். ஃபைன் தரத்தில் ஒரு ஏ4 பக்கம் 1728 புள்ளி அகலம், 2290 வரி போல உயரம், ஏறக்குறைய 40 லட்சம் பிட். சுருங்காமல் 9600ல் போனால் ஒரே பக்கம் ஏழு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு! மேலே சொன்ன 400 வினாடியோடு இதை வைத்துப் பாருங்கள். வெறும் எழுத்துள்ள பக்கம் அதே வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. ஆகவே முதல் மருந்து ஸ்கேனரில்: ஒரு பிட் கறுப்பு வெள்ளை, பின்னணியை வெளுக்கவிடுங்கள், முத்திரை படிக்க முடிந்தால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. சின்ன எழுத்து இல்லாத பக்கங்களை ஸ்டாண்டர்ட் தரத்தில் அனுப்பினால் வரிகள் பாதியாகும். ரோஸ் ஹில்லில் ஒரு நோட்டரி ஆபீஸில் இதை மட்டும் செய்து கொடுத்தேன், வேறு எதையும் தொடவில்லை, பாதிக்கு மேல் புகார் போய்விட்டது.

இரண்டாவது மருந்து இசிஎம்மை மறுபடி போடுவது. ஐபி லைனில் அதை அணைக்கச் சொல்கிற கட்சி ஒன்று இருக்கிறது, அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. அணைத்தால் ஒரு துண்டு விழுந்தாலும் ரெண்டு வரி சிதைந்த மாதிரி பக்கம் எப்படியோ போய்ச் சேரும், திரும்பத் திரும்ப அனுப்பி அழைப்பு நீளாது. கோயில் நோட்டீஸ் அனுப்புகிறவருக்கு அது சரிதான். சுங்கப் பேப்பர் அனுப்புகிற உங்களுக்கு எடைக் கட்டத்தில் ஒரு இலக்கம் அழிந்து போனால் என்ன ஆகும்? இசிஎம்மில் படம் 256 பைட் சட்டங்களாகப் போகிறது, கெட்டவற்றை மட்டும் எதிர்முனை பிபிஆர் மூலம் பட்டியல் போட்டுக் கேட்கும். துண்டு விழுந்த இடம் மட்டும் திரும்பப் போகும். கூடவே எம்எம்ஆர் சுருக்கமும் கிடைக்கும், எழுத்துப் பக்கத்துக்கு அது எம்எச்சைவிடக் கணிசமாகச் சிக்கனம். போட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள், அதுதான் என் கட்சி.

வேகம் குறைப்பது இப்படி. இன்னும் வேகமான வி.34 முறை இருந்தால் அதை முதலில் அணையுங்கள், கிளாஸ்1எனேபிள்வி34சிஎம்டி என்ற வரி அதற்குத்தான். அப்புறம் கிளாஸ்1டிஎம்க்வெரிசிஎம்டி என்ற வரியில், மேற்கோள் குறிக்குள் "!24,48,72,96" என்று கொடுங்கள். மோடத்திடம் கேட்காமல் இந்த நாலு மட்டும்தான் தெரியும் என்று ஹைலாஃபேக்ஸ் எடுத்துக்கொள்ளும்: வி.27டெர் 2400, 4800, வி.29 7200, 9600. வி.17 முழுவதும் வெளியே போய்விடும். 14400லிருந்து 9600க்கு இறங்கினால் நேரம் ஒன்றரை மடங்கு ஆகுமே, கடிகாரக் கதைப்படி அது மோசம்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் ஸ்கேனையும் எம்எம்ஆரையும் முதலில் சொன்னேன். வி.29 சிறு நடுக்கங்களைத் தாங்கும். பெரிய துண்டு விழுந்தால் இசிஎம் பார்த்துக்கொள்ளும்.

எல்லா நம்பருக்கும் வேகத்தைக் குறைக்க மனமில்லையென்றால், ஸ்பூலுக்குள் 'இன்ஃபோ' என்ற டைரக்டரியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு எதிர்முனை நம்பருக்கும் ஹைலாஃபேக்ஸ் ஒரு குறிப்பு ஃபைல் வைத்திருக்கும், முன்னால் பார்த்த திறமைகளை அதில் நினைவு வைத்துக்கொள்கிறது. மேக்ஸ்சிக்னலிங்ரேட் வரியில் 9600 எழுதி, வரியின் தலையில் & குறி போட்டுவிட்டால் அது பூட்டப்பட்டுவிடும், அடுத்த அழைப்பு அதை மாற்றாது. ரீயூனியனில் அந்த ஒரே கம்பெனிதான் தொல்லை என்றால் அதற்கு மட்டும் இப்படிச் செய்யலாம். எதிர்முனை தன் மெஷினை மாற்றிவிட்டால் பழைய ஃபைலை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் செத்துப்போன மெஷினின் திறமையை நம்பிக்கொண்டு நிற்கும்.

பெட்டியிலேயே பார்க்க வேண்டியவை சில. கால் வெயிட்டிங்கை எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் வரும் 'டிக்' ஒன்று போதும் பக்கத்தைக் கெடுக்க. வாய்ஸ்மெயிலில் செய்தி இருந்தால் டயல் டோன் விட்டுவிட்டு வரும், மோடம் அதை டயல் டோனே இல்லை என்று எண்ணிவிடும். எக்ஸ்3 கட்டளை கொடுத்தால் காத்திருக்காமல் டயல் செய்யும். அதே துளையில் கார்ட்லெஸ் போனையும் இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புக்கு இங்கே முன்னெண் 020 என்பதை ஃபேக்ஸ்செட்டப் கேட்கும்போது சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா, நாட்டு எண் 230 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சேவை தருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த எண்ணில் ஃபேக்ஸ் டோன் கேட்டால் பெட்டி ஜி.711 என்ற குரல் கோடெக்குக்கு மாறி எக்கோ கான்சலரை (எதிரொலி நீக்கியை) அணைக்கிறதா, டி.38 உண்டா? ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, ஃபேக்ஸ் சத்தம் அதன் வழியாகப் பிழைத்து வராது. டி.38 இருந்தால் பெட்டி ஃபேக்ஸைச் சத்தமாக அனுப்பாமல் டேட்டாவாகவே பிரித்து அனுப்பும், கடிகாரத் தகராறும் பெருமளவு போய்விடும். முதல் வரிசை ஊழியருக்கு இந்தக் கேள்வி புரியாமல் போகலாம், எழுத்தில் கொடுத்து மேலே அனுப்பச் சொல்லுங்கள்.

எதிர்முனையையும் மறக்காதீர்கள். பிரான்ஸில் 2018 நவம்பரிலிருந்தே புதிய அனலாக் இணைப்பு கொடுப்பதை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், ரீயூனியனும் பிரான்ஸின் பகுதிதான், அந்த ஆபீஸும் ஒரு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பிரித்துப் பார்க்க, காவடி லீவு மாதிரி ஆபீஸ் மூடியிருக்கிற ஒரு நாளில் அதே ஃபைலை முதலில் உள்ளூரில் கேட்டுச் சொல்லக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள், பிறகு டர்பனுக்கு, பிறகு ரீயூனியனுக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மூன்றிலும் விழுந்தால் உங்கள் பெட்டி. ரீயூனியனில் மட்டும் விழுந்தால் அவர்கள் பெட்டி, நீங்கள் செய்யக்கூடியது அந்த இன்ஃபோ ஃபைல் வேலை மட்டும்தான், அல்லது அவர்களிடம் ஈமெயில் முகவரி கேட்டு வாங்குவது.

இவ்வளவும் செய்தும் விழுந்தால் விழுந்த அழைப்பின் சி ஃபைலை அனுப்புங்கள். டிஐஎஸ் வந்த இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் வேண்டும், நடுவில் வெட்டாமல், ஏனென்றால் நேரக் குறிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் எனக்குத் தேவை. போன் நம்பர்களையும் எதிர்முனை அடையாள வரியையும் மட்டும் அழித்துவிடுங்கள், வாடிக்கையாளர் பெயர் அதில் இருக்கும்.